எண்ணெய்க் கசிவைக் கமக்காரரே நிறுத்தலாம்



நீரிறைக்கும் எஞ்சினின் அடியில் ஒரு சிரட்டையை வைத்துச் சொட்டும் எண்ணெயை ஏந்தி, மாலையில் அதனையே திரும்பவும் எஞ்சினுள் ஊற்றும் வழக்கம் எமது நோட்டன் பிரிட்ஜ் வட்டாரத்தில் உண்டு. சிக்கனம் எனக் கருதிச் செய்யப்படும் இச்செயலிற் சிக்கனம் சிறிதும் இல்லை. சிரட்டையில் விழுந்த எண்ணெயோடு மணலும் தூசும் எஞ்சினுட் புகுந்து, உள்ளே உராயும் உறுப்புகளை அரம்போல் தேய்த்துவிடுகின்றன. ஆயினும் சிரட்டை வைப்பவரைக் குறைகூற நான் வரவில்லை. கசிவைக் கண்டு, அதன் இடத்தை ஓரளவு அறிந்து, அதற்கு நேர்கீழே சிரட்டையை வைத்தவர் பாதி வேலையைச் செய்து முடித்துவிட்டார். மீதிப் பாதியையும், அதாவது பழுதான ஒயில் சீலையோ கஸ்கட்டையோ கழற்றிப் புதியதை இடுவதையும், அவரே தம் வீட்டு முற்றத்திற் செய்துகொள்ளலாம், செய்துகொள்ளவும் வேண்டும். இதுவே இத்துண்டுப்பிரசுரத்தின் வழியாக நான் முன்வைக்கும் கருத்து.

எஞ்சின் வேலை மெக்கானிக்குக்கு உரியது என்றும், மண்வெட்டி பிடிப்பவர் ஸ்பனர் பிடித்தால் இருப்பதும் கெட்டுப்போகும் என்றும் சொல்வோர் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எவ்வேலையை நாம் தொடலாகாது என்பதைப் பின்னர்க் கூறுவேன். ஆனால் சீலும் கஸ்கட்டும் அவ்வகையைச் சேர்ந்தவையல்ல. முன்னாளிற் கிணற்றுக் கைப்பம்பியின் தோல் வாசர் தேய்ந்தால் வீட்டுக்காரரே ஒரு துண்டுத் தோலை வட்டமாக வெட்டி இட்டுக்கொண்டனர். அதற்கென எவரையும் அழைக்கவில்லை. ஒயில் சீல் அந்த வாசரின் இனத்ததே. 1929ஆம் ஆண்டில், ஜெர்மனி நாட்டின் வைன்ஹைம் நகரில் தோல் பதனிடுந் தொழிலிற் பெயர்பெற்ற ஃபிராய்டன்பேர்க் நிறுவனத்தில், வால்டர் சிம்மர் என்னும் பொறியியலாளர் ஆக்கிய சுழல்தண்டுச் சீலும் தொடக்கத்தில் தோலாலேயே செய்யப்பட்டது. செயற்கை இறப்பர் பிற்பாடு வந்தது. பெயர்தான் நமக்குப் புதிது.

நாம் பயன்படுத்தும் சிறிய பெற்றோல் எஞ்சினுள் எவ்வளவு எண்ணெய் இருக்கின்றது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பரவலாக வழங்கும் ஹொண்டா ஜீ.எக்ஸ். 160 வகை எஞ்சின் கொள்ளும் எண்ணெய் ஏறக்குறைய 0.6 லீற்றர் மட்டுமே. மோட்டார் வண்டியில் உள்ளதுபோல் எண்ணெயை அழுத்திச் செலுத்தும் பம்பி இதில் இல்லை. பிஸ்டனையும் கிராங் அச்சையும் இணைக்கும் கோலின் அடியில், அகப்பை போன்ற சிறு நாக்கு ஒன்று உண்டு. அச்சு சுழலும் ஒவ்வொரு முறையும் அது எண்ணெயில் தோய்ந்து, எண்ணெயை எல்லாப் பக்கமும் வாரி இறைக்கின்றது. எஞ்சின் உயிரோடிருப்பது அவ்வகப்பையினாலேதான். எண்ணெய் மட்டம் தாழ்ந்து அகப்பைக்கு எட்டாமற் போனால், சிறிது நேரத்திற் கோல் அச்சைப் பிடித்துக்கொள்ளும், பின்னர் முறியும். முறிந்த கோல் எஞ்சினின் சுவரையே உடைத்துக்கொண்டு வெளியே வந்ததை நான் கண்டிருக்கின்றேன். எண்ணெய் குறைந்தால் எஞ்சினைத் தானாகவே நிறுத்தும் கருவி சில எஞ்சின்களில் உண்டு. "அடிக்கடி நின்றுபோகின்றது" என்று சினந்து, அக்கருவியின் கம்பியை அறுத்துவிட்டவர்களையும் கண்டிருக்கின்றேன்.

ஒரு சொட்டுத்தானே என்பார்க்கு ஒரு சிறு கணக்குச் சொல்வேன். பத்துச் செக்கனுக்கு ஒரு சொட்டு வீதம் விழுவதாகக் கொள்வோம். மணிக்கு 360 சொட்டு ஆகும். சொட்டின் பருமன் எண்ணெயின் தடிப்புக்கேற்ப வேறுபடும். 25 சொட்டு ஒரு மில்லிலீற்றர் எனக் கொண்டால், மணிக்கு 14 மில்லிலீற்றருக்குச் சற்று மேல். நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் நீர் இறைப்பவர் ஐந்து நாளில் 290 மில்லிலீற்றர் அளவை இழக்கின்றார். அஃதாவது எஞ்சினில் உள்ள எண்ணெயின் அரைப்பங்கு ஐந்தே நாளிற் போய்விடுகின்றது. மாசி மாதத்து வெயிலிற் கரட்டும் லீக்சும் போஞ்சியும் நீருக்கு ஏங்கும்பொழுது, எண்ணெய் மட்டத்தை ஐந்து நாட்களாக எவரும் பாராதிருத்தல் அரிதன்று.

2022ஆம் ஆண்டை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டார். அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. எரிபொருளுக்கு வரிசையில் நின்றோம், பின்னர்க் கியூ.ஆர். அட்டை காட்டி அளந்து வாங்கினோம். முந்திய ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டதால் ஏற்பட்ட நட்டத்தின் மேல் இதுவும் வந்து சேர்ந்தது. அக்காலத்தில் எஞ்சின் எண்ணெயின் விலையும் உதிரிப்பாகத்தின் விலையும் ஏறியதைப் பார்த்த கமக்காரர் பலர், வேறு வழியின்றித் தாமே எஞ்சினைத் திறந்தனர். நாட்காட்டி அட்டையிலும் பால்மாப் பெட்டியிலும் கஸ்கட் வெட்டினர். சிலர் வென்றனர், சிலர் எஞ்சினை இழந்தனர். வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையிலிருந்த வேறுபாடு கைத்திறனன்று. இரண்டு மூன்று செய்திகளை அறிந்திருந்தமையும் அறியாதிருந்தமையுமே ஆகும். அச்செய்திகளைச் சொல்லித் தந்திருக்க வேண்டியவர்கள் போதனாசிரியர்களாகிய நாங்கள். உரமும் பூச்சியும் விதையும் பற்றிப் பேசினோம். எஞ்சினைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்கவில்லை. பண்ணைப் பாடசாலையில் நான் டிப்ளோமாவுக்குப் படித்த நாளில் உழவு இயந்திரத்தின் படத்தை வரைந்து புள்ளி பெற்றேன். ஒரு சீலை என் கையால் மாற்றியது வேலைக்கு வந்த பின்னரே. இதனை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

இன்னுமொரு காரணமும் உண்டு. நம் ஓடைகளெல்லாம் கெசல்கமுவ ஓயாவிற் சேர்கின்றன. அவ்வாறு நோட்டன் பிரிட்ஜ் அணையில் தேங்கி, 1950ஆம் ஆண்டு முதல் இயங்கும் பழைய லக்ஷபான மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டுக் களனி கங்கையாகக் கீழிறங்குகின்றது. அக்களனி நீரையே அம்பத்தலேயில் எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்பு மக்கள் குடிக்கின்றனர். அவர்களுக்கு முன்பே, ஓடையின் கீழ்ப்பக்கத்து லயத்தார் பீலியில் அதனை ஏந்துகின்றனர். நீரிறைக்கும் எஞ்சின் எப்பொழுதும் நீர்க்கரையிலேயே நிற்கின்றது. அதன் சொட்டு விழுவதும் அங்கேயே. ஒரு தடவை எஞ்சின் எண்ணெய் மாற்றும்பொழுது கழியும் எண்ணெய் 10 இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழற் பாதுகாப்பு முகவரகம் கூறுகின்றது. மோட்டார் வண்டியொன்றின் எண்ணெயைக் கருதிச் சொல்லப்பட்ட கணக்கு அது. நம் எஞ்சினின் எண்ணெய் அதிற் சிறு பங்கே. ஆயினும் நம் ஓடையும் களனி கங்கையன்று, சிறு ஓடைதான்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திற் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தியைப் பலர் கேட்டிருப்பீர்கள். மின்நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்தது தொடர்பான வழக்கில், நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமென 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நமது சிரட்டைக் கசிவை அப்பெரிய தீங்கோடு ஒப்பிடுதல் நீதியாகாது. ஆனால் கிணற்றில் எண்ணெய்ப் படலத்தைக் கண்ட அந்த ஊர்க் கமக்காரர் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் எந்நீரை இறைப்பது என்று திகைத்த நிலை, நீரை நம்பி வாழும் எல்லோரும் நினைத்துப் பார்க்கத் தக்கது.

இனி வேலைக்கு வருவோம். கசிவு என்றவுடன் கடைக்கு ஓடிச் சீல் வாங்குதல் கூடாது. சீல் குற்றவாளியாக இல்லாமல், வேறொன்றின் குற்றத்திற்காக எண்ணெயைக் கக்கும் வேளைகள் பல. நான் பார்த்த கசிவுகளுட் கணிசமானவை இவ்வகையின.

மலைநாட்டில் முதற் காரணம் சரிவு. படிப்படியாக வெட்டிய நிலத்தில் எஞ்சினைக் கிடைத்த இடத்தில் வைத்து, ஒரு கல்லை அண்டைகொடுத்து ஓட்டுகின்றோம். எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். சாய்ந்த எஞ்சினில் எண்ணெய் அளவுகோல் பொய் சொல்லும். மேட்டுப் பக்கத்து மூடியைத் திறந்து பார்த்தால் எண்ணெய் இல்லாததுபோல் தோன்றும், மேலும் ஊற்றுவோம். அளவுக்கு மிஞ்சிய எண்ணெய் உள்ளே கடையப்பட்டு நுரைத்து, மூச்சுக்குழாய் வழியாகவும் சீல் வழியாகவும் வெளியேறும். அதனைக் கண்டு சீல் போய்விட்டது என்கின்றோம். பள்ளப் பக்கத்து மூடியிற் பார்ப்பவருக்கு நேர்வது இதனினும் கேடானது. எண்ணெய் நிறைய உள்ளதுபோல் தோன்ற, அகப்பையோ எண்ணெயைத் தொடாமற் சுழன்றுகொண்டிருக்கும். சிறிய எஞ்சின்கள் 20 பாகைச் சாய்வு வரை தாங்கும் என்று சில கைந்நூல்கள் கூறினும், அது ஓடுவதற்கான எல்லையே. எண்ணெய் அளக்கும்போது எஞ்சின் மட்டமாக நிற்றல் வேண்டும். ஓடைக்கரையில் இரண்டு பலகையளவு இடத்தை மண்வெட்டியாற் சமன்செய்து, எப்பொழுதும் அதன்மேலேயே எஞ்சினை வைப்பவருக்குப் பாதிக் கசிவு தானே நீங்கிவிடும்.

இரண்டாவது காரணம் மூச்சடைப்பு. எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் மூச்சுத்துவாரம் உண்டு. உள்ளே வெப்பத்தால் காற்று விரியும்பொழுது அது அவ்வழியே வெளியேறும். அத்துவாரம் அடைபட்டால் காற்று வேறு வழி தேடும். மெலிந்த இடம் சீலின் உதடே. கினிகத்தேனைப் பக்கத்தில் நெல் வயல் வைத்திருக்கும் ஒருவர் தம் லேண்ட்மாஸ்டரின் சில்லுப் பக்கத்துச் சீலை ஒரே போகத்தில் இரு தடவை கராஜொன்றில் மாற்றினார். இரு தடவையும் பத்து நாளில் மறுபடி கசிந்தது. சீல் போலிச் சரக்கு என்று அவர் கடைக்காரரோடு சண்டைக்குப் போகவிருந்தார். நான் போய்ப் பார்த்தபொழுது கியர்ப் பெட்டியின் மேலிருந்த சிறு மூச்சுத்துவாரம் சேற்றால் அடைபட்டு, வெயிலிற் காய்ந்து, சீமெந்து பூசியதுபோல் இறுகியிருந்தது. ஒரு கம்பியாற் குத்தி எடுத்தோம். "ஸ்ஸ்" என்று காற்று வெளியேறிய ஓசையைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. செலவழித்த பணத்தை எண்ணிய பிறகு அச்சிரிப்பு நின்றுவிட்டது. பின்பு மூன்றாவது சீலை அவரே இட்டார். அது போகம் முழுவதும் நின்றது.

வயலில் ஓடும் லேண்ட்மாஸ்டரைப் பற்றி மேலும் ஒன்று சொல்லவேண்டும். எண்ணெய் வெளியேறும் வழி, சேறும் நீரும் உட்புகும் வழியுமாகும். கியர்ப் பெட்டியின் எண்ணெயைச் சிறிது வடித்துப் பாருங்கள். மோர்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது. அந்த எண்ணெயோடு மேலும் உழுவது கியரையும் பெயரிங்கையும் துருவுக்கு இரையாக்குவதாகும். சில்லை மாட்டும் அச்சிலே வைக்கோலும் நைலான் கயிறும் சுற்றி இறுகிச் சீலின் உதட்டை அறுப்பது இக்கேட்டுக்கு வழக்கமான தொடக்கம். உழவு முடிந்த அன்றைக்கே கத்தியால் அதனை அறுத்து எடுப்பார்க்குச் சீல் வாங்கும் செலவு குறையும்.

சாய்வும் இல்லை, எண்ணெய் அளவும் சரி, மூச்சுத்துவாரமும் திறந்திருக்கின்றது, ஆயினும் கசிகின்றது என்றால், இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எண்ணெய் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. மேலே கசிந்த எண்ணெய் உடலெங்கும் வழிந்து கீழே ஒரு மூலையிற் சொட்டும். விசிறியின் காற்று அதனைப் பின்புறம் முழுதும் அப்பிவிடும். ஆதலின் எஞ்சின் ஆறிய பின் சவர்க்காரத்தூள் கலந்த நீராலும் பழந்துணியாலும் துடைத்து, நன்றாக உலரவிட்டு, ஐயமான இடங்களில் முகப் பவுடரையோ பொடித்த சுண்ணக்கட்டியையோ தூவுங்கள். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். வெண்மையின்மேல் எண்ணெய் நனைந்த சுவடுகளுள் மிக உயரத்தில் உள்ளதே ஊற்றுக்கண். அது பெரும்பாலும் எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் வாசராகவோ, எண்ணெய் மூடியின் இறப்பர் வளையமாகவோ இருந்துவிடும். இவ்விரண்டையும் மாற்ற ஐந்து நிமிடம் போதும். இவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

அடுத்தது கஸ்கட். வால்வு மூடியிலும் பக்க மூடியிலும் இது உண்டு. மூடியைக் கழற்றுமுன் பிளக் கம்பியை எடுத்துவிடுங்கள், எண்ணெயை வடித்துவிடுங்கள். பெற்றோல் குழாயையும் மூடிவிடுதல் நலம். போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. ஆகையால் ஓர் அட்டையில் மூடியின் படத்தை வரைந்து, துளையிட்டு, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்திற் குத்தி வையுங்கள். ஒட்டியிருக்கும் பழைய கஸ்கட்டை இரும்புத் திருப்புளியாற் சுரண்டுவோர் பலர். எஞ்சினின் உடல் அலுமினியம்; மெதுவான உலோகம். ஒரு கீறல் விழுந்தால் எத்தனை புதுக் கஸ்கட் இட்டாலும் அக்கீறலின் வழியே கசியும். மூங்கிற் சீவலைக் கூராக்கிச் சுரண்டுங்கள். பழைய எஞ்சின்களின் கஸ்கட்டுகளில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கலாம். அதன் தூசு நுரையீரலிற் புற்றுநோயை விளைக்கும். ஆதலால் எண்ணெயாலோ நீராலோ நன்கு நனைத்த பின்பே சுரண்ட வேண்டும். உலர்ந்தபடி தேய்ப்பதும் வாயால் ஊதுவதும் ஆகா.

புதிய கஸ்கட்டைக் கடையில் வாங்குதலே உத்தமம். கிடைக்காவிட்டால் கஸ்கட் கடதாசி வாங்கி நாமே வெட்டலாம். கடதாசியை மூடியின்மேல் விரித்து, விளிம்புகளைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால் விளிம்பின் வடிவம் கடதாசியிற் பதியும். அவ்வழியே கத்தரியால் வெட்டிவிடலாம். கடதாசியின் தடிப்புப் பழைய கஸ்கட்டின் தடிப்பே ஆதல் வேண்டும். பக்க மூடியில் உள்ள கஸ்கட் எண்ணெயைத் தடுப்பதோடு நில்லாமல், கிராங் அச்சு முன்னும் பின்னும் அசையும் இடைவெளியையும் சில எஞ்சின்களில் அளந்து வைக்கின்றது. மெல்லியதை இட்டால் அச்சு இறுகும்; தடித்ததை இட்டால் ஆடும். 2022இல் அட்டையில் வெட்டித் தோற்றவர்களுள் சிலர் தோற்றது இவ்விடத்திலேதான்.

குழாயில் வரும் சிலிக்கன் பசையைப் பற்றி எனக்கு நல்ல எண்ணமில்லை. அது தன்னளவிற் கெட்ட பொருளன்று. நம் கையிற் கெட்டுப்போகின்றது. ரொட்டிக்குச் சம்பல் பூசுவதுபோல் பூசிவிடுகின்றோம். இறுக்கும்பொழுது வெளியே பிதுங்குமளவு உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கியது காய்ந்து, பிய்ந்து, எண்ணெயில் மிதந்து, டீசல் எஞ்சினாயின் எண்ணெய் பம்பியின் வடியில் அடைத்துக்கொள்ளும். கசிவு நின்றது என்று மகிழும் வேளையில் எஞ்சின் எண்ணெயின்றி இறுகும். கடதாசிக் கஸ்கட் உள்ள இடத்தில் பசை வேண்டியதில்லை.

போல்ட்டுகளை ஒரு மூலையிலிருந்து வரிசையாக இறுக்கலாகாது. எதிரெதிர் மூலைகளை மாற்றிமாற்றி, முதலிற் கையளவு, பின்னர்ச் சிறிது, பின்னர் முழுமை என்று மூன்று சுற்றாக இறுக்குங்கள். பலசாலிகளே இவ்வேலையில் அதிகம் கெடுப்பவர்கள். அலுமினியப் புரி கழன்றுவிட்டால் அதன் செலவு கஸ்கட்டின் செலவைப்போல் பன்மடங்கு. லயங்களின் பின்புறத் தோட்டங்களிற் பயிர்செய்து, எஞ்சினையும் தாமே ஓட்டும் பெண்கள் நம் வட்டாரத்தில் உளர். ஆனால் எஞ்சினைத் திறப்பது மட்டும் ஆண்களின் வேலை என்று ஒதுக்கிவிடுகின்றோம். சென்ற ஆண்டு நான் செய்து காட்டிய வகுப்பொன்றில் புரி கழற்றாமல், கடதாசி கிழிக்காமல் மூடியை இட்டு முடித்தவர்கள் கொழுந்து பறிக்கும் இரு சகோதரிகளே. இவ்வகுப்புகளுக்குக் குடும்பத் தலைவரை மட்டும் அழைக்கும் வழக்கத்தை நாங்கள் கைவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

சீல் மாற்றுவதே சற்று நுட்பமான வேலை. பழைய சீலின் முகத்தில் மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் என்பவையே அவை, மில்லிமீற்றரில். எஞ்சினின் பெயரைச் சொல்லி வாங்குவதைவிட அவ்வெண்களைக் காட்டி வாங்குவது பிழையற்றது. பழைய சீலையே கையிற் கொண்டுபோவது அதனினும் நன்று. அதனைக் கழற்றுமுன், விளிம்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதை ஓர் ஈர்க்கினால் அளந்து வையுங்கள். கழற்றும்பொழுது திருப்புளியின் முனை அச்சைத் தொடக்கூடாது. சீலின் தகட்டில் ஒரு சிறு திருகாணியை ஏற்றி, அத்திருகாணியைக் குறட்டாற் பிடித்து இழுத்தல் காயமில்லாத வழி.

சீல் வெளியே வந்தவுடன் புதியதை இட விரையாதீர்கள். அச்சைக் கையாற் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆடினால் பெயரிங் தேய்ந்துவிட்டது. எந்தச் சீலும் அங்கு நில்லாது. ஆடாவிட்டால், சீலின் உதடு உராய்ந்த இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடுக்குமளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், புதிய சீலின் உதடு அதே பள்ளத்தில் அமர்ந்து அன்றே கசியும். புதியதை ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் தள்ளி அமர்த்தினால் உதடு தேயாத இடத்தைத் தொடும். உள்ளிருக்கும் எண்ணெய்த் துவாரத்தை மூடிவிடாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். துரு இருந்தால் மெல்லிய எமரிக் கடதாசியால் அச்சைச் சுற்றித் தேய்க்கலாம். நீளவாட்டில் தேய்த்தால் அக்கோடுகள் எண்ணெய்க்கு வாய்க்காலாகிவிடும்.

சீலின் உட்புறத்தில் மெல்லிய சுருள்வில் தெரியும். அப்பக்கம் எண்ணெயை நோக்கியிருத்தல் வேண்டும். மாற்றி இட்டவர்களை நான் அறிவேன். நானும் ஒரு முறை இட்டிருக்கின்றேன். உலர்ந்த உதடு முதற் சுற்றிலேயே கருகும். ஆதலால் உதட்டில் எண்ணெய் பூசுங்கள். அச்சில் உள்ள சாவிக்காடி கத்திபோல் உதட்டை வெட்டும். பிளாஸ்டிக் போத்தலில் ஒரு தாளளவு வெட்டி அச்சைச் சுற்றிப் போர்த்தி, அதன்மேல் சீலை வழுக்கிச் செல்லவிட்டு, பின்பு போர்வையை உருவிவிடுங்கள். சீலின் வெளிவிட்டத்துக்குப் பொருந்தும் பி.வி.சி. குழாய்த் துண்டொன்றை மேல்வைத்து, சுற்றிச்சுற்றி மெல்லத் தட்டி இறக்குங்கள். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் நின்றால், பலவந்தம் செய்யாது வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

இறப்பர் வெப்பத்தில் இறுகும், குளிரிலும் விறைக்கும். 1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் சலஞ்சர் விண்ணோடம் புறப்பட்டுச் சற்று நேரத்தில் வெடித்து எழுவர் மாண்டதற்கு, முன்னிரவுக் குளிரில் விறைத்துப்போன ஓர் இறப்பர் வளையமே காரணம். விசாரணையின்போது ரிச்சர்ட் ஃபைன்மன் என்னும் அறிஞர் அத்தகைய இறப்பர்த் துண்டொன்றைப் பனிநீரில் அமிழ்த்தி, அது மீளும் தன்மையை இழந்ததை எல்லோரும் காணச் செய்து காட்டினார். நம் எஞ்சினுக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. ஆயினும் கடை அலமாரியிற் பல்லாண்டு கிடந்து விறைத்த சீலைப் புதியது என்று வாங்கி வராதீர்கள். விரலால் உதட்டை மடக்கிப் பாருங்கள். விட்டவுடன் அது மீண்டால் வாங்கலாம்.

தொடலாகாதவை எவை என்று கூறுவதாக முன்னர்ச் சொன்னேன். எஞ்சினின் தலைப்பகுதிக் கஸ்கட்டை வீட்டில் அட்டையிலோ கடதாசியிலோ வெட்டி இடவே கூடாது. அங்குள்ளது எண்ணெயன்று, தீ. டீசல் எஞ்சினின் எரிபொருள் செலுத்தும் பம்பியும் நமக்குரியதன்று. பறக்கும்சில்லின் பின்னே உள்ள சீலைப் பெறுவதற்கு அச்சில்லைக் கழற்றவேண்டும். அதற்குரிய இழுவைக் கருவி இல்லாமற் சுத்தியலால் அடித்துக் கழற்றியவர்கள் அச்சையும் வளைத்துக்கொண்டனர். அவ்வேலைக்கு ஹற்றனுக்குப் போகும் பஸ் செலவு வீண்செலவாகாது. ஆனால் போகும்பொழுது "பின்பக்கச் சீல் கசிகின்றது, சாய்வும் மூச்சும் பார்த்துவிட்டேன்" என்று சொல்லிக் கொடுக்கும் கமக்காரரிடம் எந்த மெக்கானிக்கும் தேவையற்ற வேலையைச் செய்து கணக்கெழுதத் தயங்குவார்.

வடித்த பழைய எண்ணெயை வேலிக்கட்டையிற் பூசுவதும் கானிற் கொட்டுவதும் நம் பழக்கம். எரிந்து கறுத்த அவ்வெண்ணெய் நெடுங்காலம் தோலிற் படுதல் புற்றுநோய்க்கு இடமாகும். கையுறை இல்லாவிட்டால் பொலித்தீன் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள். எண்ணெயை மூடியுள்ள கலனில் சேர்த்துவைத்து, நகரத்துக்குப் போகும்பொழுது பழைய எண்ணெய் சேர்க்கும் வாகனச் சேவை நிலையமொன்றைக் கேட்டறிந்து கொடுத்துவிடலாம்.

புதிய சீலோ கஸ்கட்டோ இட்டபின், மட்டமான இடத்தில் அளவாக எண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் சுமையின்றி ஓட்டுங்கள். நிறுத்தி, எஞ்சின் ஆறிய பிறகு போல்ட்டுகளை ஒரு முறை தொட்டுப் பாருங்கள்; கஸ்கட் வெப்பத்தில் அமர்ந்து ஓரிரு போல்ட் தளர்ந்திருக்கும். அன்றிரவு எஞ்சினின் அடியில் ஒரு வெள்ளைக் கடதாசியை விரித்துவிட்டுக் காலையில் வந்து பாருங்கள். கறை இருந்தால் அதன் இடத்தைக் குறித்துக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள். எஞ்சினையும் கொண்டுவருவதாயின் எண்ணெயை வடித்துவிட்டுக் கொண்டுவாருங்கள்.